அடிநாதம் 12: நான்கு தந்தி, இரண்டு குரல்

சென்ற பகுதியை ரோட்டோசவுண்ட் தந்தித் தொழிற்சாலையில் நிறுத்தியிருந்தோம். 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விஸ்லும் தொழிற்சாலை அதிபர் ஜேம்ஸ் ஹவ்வும் 1966இல் சேர்ந்து உட்கார்ந்து, பேஸ் கிட்டாருக்குப் புதிய தந்திகளைச் செய்து பார்த்த கதை அது.

அதுவரை பேஸ் தந்தி என்றால் பெரும்பாலும் தட்டையான எஃகு நாடா சுற்றியதுதான். தொட்டால் வழவழவென்று இருக்கும். மீட்டினால் 'தும்' என்று ஒலித்து உடனே அடங்கும். புதிய தந்தியில் சுற்றியிருந்தது உருண்டைக் கம்பி. விரலுக்கு அது சொரசொரப்பு, காதுக்குக் கணீர். மீட்டிய ஸ்வரம் நீண்டு நின்றது. பியானோவின் இடது ஓரக் கட்டைகளை ஓங்கி அழுத்தினால் எழும் உலோக முழக்கம் பேஸ் கிட்டாரிலும் கேட்கத் தொடங்கியது.

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு விதிக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கார்டுக்கும் அடிஸ்வரத்தைப் பிடித்துக்கொடுத்து, டிரம்ஸோடு ஒட்டி நடக்க வேண்டும். 1965இல் 'மை ஜெனரேஷன்' பாட்டில் என்ட்விஸ்ல் சில விநாடிகள் தனியாக வாசித்து அந்த விதியைக் கீறிப்பார்த்தார். பாட்டு முழுக்க, ஆல்பம் முழுக்க அதை மீறி, மீறியதையே ஒரு முறையாக்கிக் காட்ட இன்னொருவர் வரவேண்டியிருந்தது.

அவர் கிறிஸ் ஸ்குவயர்.

● ● ●

கிங்ஸ்பரியின் மேல்ஸ்தாயிச் சிறுவன்

ஸ்குவயர் பிறந்தது 1948 மார்ச் 4. ஊர், லண்டனின் வடமேற்கில் உள்ள கிங்ஸ்பரி. அங்கே புனித ஆண்ட்ரூ தேவாலயம் இருக்கிறது. அதன் பாடகர் குழுவில் சின்ன வயதிலேயே சேர்ந்துவிட்டான் கிறிஸ்.

குழுவை நடத்தியவர் பேரி ரோஸ். அப்போது அவரும் இளைஞர். பிற்காலத்தில் புனித பால் பேராலயத்தின் பாடகர் குழுவை நடத்தும் அளவுக்கு உயர்ந்தவர். விடாமல் உழைத்தால்தான் முதல் தரத்துக்கு வர முடியும் என்று புரியவைத்தவர் அவர்தான் என்று ஸ்குவயர் பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்குவயரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கிட்டாரிலிருந்தும் ஆம்ப்ளிஃபையரிலிருந்தும் தொடங்குகிறார்கள். அந்தக் கருவிகளின் கதைக்கு நாமும் வரத்தான் போகிறோம். ஆனால் அவருடைய வாசிப்பின் வேர் அந்தப் பாடகர் குழுவில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

ஆங்கிலத் தேவாலய இசையில் நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் பாடும். மேலே சிறுவர்களின் குரல், கீழே ஆல்டோ, டெனர், அடியில் பேஸ். நான்கும் வெவ்வேறு வழியில் போகும். அடிக்குரல் மேல்குரலுக்குத் தூண் மட்டுமல்ல, அதற்கும் ஒரு மெட்டு உண்டு. மேல்குரல் இறங்கும்போது அது ஏறும். மேல்குரல் நிற்கும்போது அது நகரும். கவுன்ட்டர்பாயின்ட் என்று இசைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரு சிறுவன் அங்கே மேல்ஸ்தாயியில் பாடியபடியே, பெரியவர்கள் பாடும் அடிக்குரலை வாரந்தோறும் கேட்டு வளர்கிறான். பேஸ் என்பது பாடக்கூடிய ஒன்று என்பதை அவனுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

● ● ●

இரண்டரை ஷில்லிங்

பீட்டில்ஸ் வந்தார்கள். இங்கிலாந்தின் பையன்கள் எல்லாருக்கும் முடி வளர்ந்தது, கிறிஸுக்கும் வளர்ந்தது. நெடுநெடுவென்று உயரம், அகன்ற உள்ளங்கை. உன் கைக்கு பேஸ்தான் சரி என்று நண்பர்கள் சொல்ல, ஃபியூச்சராமா என்ற மலிவான பேஸ் ஒன்றை வாங்கிப் பழகினான்.

1964. பள்ளியில் முடி நீளம் என்று சொல்லி அவனையும் ஒரு நண்பனையும் இடைநீக்கம் செய்தார்கள். முடி வெட்டிக்கொண்டு வா என்று ஆளுக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் கொடுத்து அனுப்பினார்கள். காசு செலவானது. முடி அப்படியே இருந்தது. கிறிஸ் அந்தப் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

படிப்பு நின்ற பையன் வேலை தேடினான். கிடைத்த இடம் ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் பூசி அண்ட் ஹாக்ஸ் இசைக்கருவிக் கடை. கிட்டார் விற்கும் வேலை.

கடை ஊழியருக்கு விலையில் தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடியில் 1965இல் அவன் வாங்கியதுதான் ரிக்கன்பேக்கர் பேஸ். அமெரிக்காவில் 4001எஸ் என்று அழைக்கப்பட்ட அந்த ரகத்தை ரோஸ்-மாரிஸ் நிறுவனம் பிரிட்டனில் இறக்குமதி செய்து 1999 என்ற எண்ணில் விற்றது. அந்த நாளில் பிரிட்டனில் அதை வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பள்ளி அவனை முடியோடு ஏற்றுக்கொண்டிருந்தால்? ரீஜன்ட் ஸ்ட்ரீட் கடையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. ரிக்கன்பேக்கர் வாங்கும் வசதி ஒரு பள்ளி மாணவனுக்கு வாய்த்திருக்காது.

இந்தக் கருவியின் உடற்கூற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபெண்டர் பேஸில் கழுத்து தனி, உடல் தனி. திருகாணி போட்டுச் சேர்த்திருப்பார்கள். ரிக்கன்பேக்கரில் தலையிலிருந்து வால்வரை நடுவே ஒரே மரம் ஓடும். உடலின் இரண்டு பக்கங்களும் அதில் ஒட்டப்பட்ட சிறகுகள். தந்தியின் இரு முனைகளும் ஒரே மரத்தில் இருப்பதால் அதிர்வு சீக்கிரம் தேய்வதில்லை.

இன்னொன்று, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்கள் அதற்கு இரண்டு. ஒன்று கழுத்தோரம், மற்றது தந்திகள் உடலில் வந்து தங்கும் பாலத்தோரம். கழுத்தோரம் தந்தி அகலமாக ஆடும், அங்கே கிடைப்பது ஆழமான, உருண்டையான ஒலி. பாலத்தோரம் தந்தி விறைத்து நிற்கும், அங்கே கிடைப்பது கூர்மையான ஒலி.

ஒரே தந்தியில் இரண்டு குணம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த கிட்டாரை அவர் பட்ட பாடு படுத்தினார். அதன்மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டினார். பிறகு அதை எடுத்துவிட்டு வெள்ளி நிறத்துக்கு மாற்றினார். கடைசியில் எல்லாவற்றையும் சுரண்டி க்ரீம் நிறம் அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் சுரண்டலில் கொஞ்சம் மரமும் போனது. உடல் மெலிந்தது. அந்த மெலிவும் தன் ஒலிக்கு ஒரு காரணம் என்று ஸ்குவயர் நம்பினார்.

● ● ●

கதவு சாத்திய மாதங்கள்

1967இல் லண்டன் வேறொரு நகரமாகியிருந்தது. 'தி சின்' என்ற குழுவில் ஸ்குவயர் வாசித்துக்கொண்டிருந்தார். மார்க்கீ கிளப்பில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்த இரவில், அவருக்கு முன் மேடையேறியது அந்தக் குழுதான்.

அந்த ஆண்டில்தான் விபத்து நடந்தது. யாரோ வீட்டில் தயாரித்த எல்எஸ்டியை உட்கொண்ட ஸ்குவயர் நிலைதடுமாறி மருத்துவமனையில் கிடந்தார். தான் யார் என்பதே தெரியாத நிலை. மீண்டு வந்தபின் அந்தப் போதைப்பொருளை அவர் மறுபடி தொடவில்லை. ஆனால் பயம் தங்கிவிட்டது. தோழியின் குடியிருப்புக்குள் புகுந்தவர் மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டவில்லை.

அந்த அறையில் அவருக்குத் துணை அந்த ரிக்கன்பேக்கர்தான்.

நாள் முழுக்க வாசித்தார். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியின் மெட்டு, என்ட்விஸ்லின் வேகம், க்ரீம் குழுவின் ஜாக் புரூஸ் பாட்டுக்கு நடுவே எடுத்துக்கொள்ளும் துணிச்சல் என்று ஒவ்வொன்றையும் காதால் வாங்கிக் கைக்குக் கொண்டுவந்தார். மேடை கிடையாது, டிரம்ஸ் கிடையாது, பாடகர் கிடையாது. யாரோடும் ஒட்டி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் பேஸ் தனியாகவே முழு இசையாக ஒலிக்க வேண்டியிருந்தது. அவருடைய பாணி அந்தத் தனிமையில்தான் உருவானது.

● ● ●

விரலும் பிக்கும்

அந்தக் கையை இப்போது அருகில் போய்ப் பார்ப்போம்.

அன்றைய பேஸ் கலைஞர்களில் பலர் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் தந்தியை வருடி வாசித்தார்கள். அதில் ஒலி மென்மையாகத் தொடங்கும். ஸ்குவயர் தந்தியைத் தட்டும் சிறு சில்லான பிக்கைப் பிடித்தார். பிக்கால் வாசிப்பவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். ஆனால் அவர் அதைப் பிடித்த விதம் வேறு. பிக்கின் முனை விரலுக்கு வெளியே மிகக் கொஞ்சமாகத்தான் தெரியும்.

அதனால் ஒவ்வொரு மீட்டலிலும் இரண்டு காரியம் நடந்தது. முதலில் பிக்கின் முனை தந்தியைத் தட்டும். தட்டிய மறுகணமே கட்டைவிரலின் ஓரச் சதை அதே தந்தியில் உராயும். அந்த உராய்வில் தந்தியின் அடிஸ்வரம் சற்று அமுங்கி, அதன் மேலே மறைந்திருக்கும் மேல்ஸ்வரங்கள் சட்டென்று எழும். கேட்பவருக்கு அது ஒரு 'க்ளாங்'. உலோகமும் சதையும் கலந்த சத்தம். உருண்டைக் கம்பித் தந்தி அந்தச் சத்தத்தை இன்னும் கூர்மையாக்கியது.

இடது கை இன்னொரு வேலை செய்தது. ஸ்வரங்களை நீட்டுவதைவிட நறுக்குவதில் அவருக்கு ஆர்வம் அதிகம். அழுத்திய விரலைப் பாதி தூக்கினால் தந்தி ஊமையாகும். அந்த ஊமைத் தந்தியையும் பிக்கால் தட்டினால் ஸ்வரமில்லாத 'டிக்' ஒன்று கிடைக்கும். ஸ்வரம், ஊமைத் தட்டு, மௌனம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பின்னினார். அவருடைய வேகமான வாசிப்பிலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஆம்ப்ளிஃபையர் விஷயத்துக்கு வருவோம்.

கிட்டார் ஒலியை ஆம்ப்ளிஃபையரில் அளவுக்கு மேல் ஏற்றினால் அது உடைந்து உறுமும். எலக்ட்ரிக் கிட்டாருக்கு அது அழகு. பேஸில் அதே வேலையைச் செய்தால் அடிப்பகுதி கரைந்து, வயிற்றில் அதிரும் கனம் காணாமல் போகும். உறுமல் வேண்டுமா, கனம் வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்பதுதான் அதுவரை நியதி.

ஸ்குவயர் தேர்ந்தெடுக்க மறுத்தார். ரிக்கன்பேக்கரின் உள்வயர்களை மாற்றி, இரண்டு பிக்கப்களின் ஒலியையும் இரண்டு தனி வழிகளில் வெளியே எடுத்தார். ஆழமான ஒலி ஒரு பேஸ் ஆம்ப்ளிஃபையருக்குப் போனது, எந்தக் கலப்பும் இல்லாமல். கூர்மையான ஒலி வேறொரு கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்குப் போய் உறுமியது. கேட்பவர் காதில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

அடியில் தளம். மேலே பாட்டு. நான்கு தந்தியில் இரண்டு குரல். கிங்ஸ்பரியில் மேல்ஸ்தாயி பாடியபடி அடிக்குரலைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுவன் எனக்கு நினைவுக்கு வருவது இங்கேதான். இந்த வயரிங்கை அன்று வேறு யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். செய்யத் தோன்றுவதற்கு அப்படிப்பட்ட காது வேண்டும்.

● ● ●

வார்டர் ஸ்ட்ரீட் மாடிப்படி

1968. சோஹோவின் வார்டர் ஸ்ட்ரீட்டில் மார்க்கீ கிளப்புக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு சின்ன மதுக்கூடம், லா ஷாஸ். அங்கே எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தார் வடக்கு இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பாடகர். பெயர் ஜான் ஆண்டர்சன். அவரையும் ஸ்குவயரையும் அறிமுகப்படுத்தி வைத்தவர் மதுக்கூடத்தை நடத்திய ஜாக் பேரி.

பேச்சு சைமன் அண்ட் கார்ஃபங்கலின் மேல் திரும்பியது. குரல்கள் ஒன்றோடொன்று இழையும் பாட்டுகள் இருவருக்கும் பிடித்திருந்தன. 'ஸ்வீட்னஸ்' என்ற பாட்டை இருவரும் சேர்ந்து எழுதியது அந்த அறிமுகத்தின் சூட்டில்தான். சில மாதங்களுக்குள் கிட்டாருக்கு பீட்டர் பேங்க்ஸ், ஆர்கனுக்கு டோனி கே, டிரம்ஸுக்கு பில் ப்ரூஃபோர்டு சேர்ந்தார்கள். குழுவின் பெயர் யெஸ். 1968 ஆகஸ்ட் 4 அன்று முதல் நிகழ்ச்சி. நவம்பர் 26 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் க்ரீம் குழு விடைபெற்ற கச்சேரி. அதில் முன்னால் வாசித்த குழுக்களில் யெஸ்ஸும் ஒன்று. ஜாக் புரூஸ் விடைபெறும் மேடையில் ஸ்குவயர்.

ப்ரூஃபோர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். ராக் டிரம்மர்கள் தாளத்தை ஆணி அடித்ததுபோல் நிறுத்திக் காட்டுவார்கள். ப்ரூஃபோர்டு அதை ஒளித்து வைப்பார். எதிர்பார்க்கும் இடத்தில் அடி விழாது, எதிர்பாராத இடத்தில் ஸ்னேர் டிரம் 'டங்' என்று கணீரிடும். டிரம்மர் இப்படி விலகி ஓடினால் தளம் யார் பொறுப்பு? ஸ்குவயரின் அடிக்குரல் தளத்தைப் பிடித்துக்கொண்டது, மேல்குரல் ப்ரூஃபோர்டோடு விளையாடியது. இவருக்கு அவர் இடம் விட்டார், அவருக்கு இவர்.

இருவருக்கும் ஒத்துவராத விஷயமும் உண்டு. ப்ரூஃபோர்டு நேரம் தவறாதவர். ஸ்குவயர் எங்கும் தாமதமாகவே வருவார். மணிக்கணக்கில் குளியலறையில் கிடப்பார். 'ஃபிஷ்' என்ற பட்டப்பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. இந்தக் காத்திருப்புக் கணக்கு பின்னால் பெரிதாகும்.

முதல் இரண்டு ஆல்பங்களை விரைந்து கடக்கலாம். 1970இன் 'டைம் அண்ட் எ வேர்டு' ஆல்பத்தில் பேஸ் முன்னால் வந்து நிற்கிறது, ஆனால் பின்னால் உள்ள ஆர்கெஸ்ட்ராவோடு மல்லுக்கட்டுகிறது. ஸ்டீவ் ஹவ் கிட்டாருக்கு வந்தபின் 1971இல் வெளியான 'தி யெஸ் ஆல்பம்' அதைச் சரிசெய்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் டோனி கேயின் இடத்துக்கு ரிக் வேக்மன் வந்தார்.

எல்லாம் கூடிவந்த மாதம் செப்டம்பர்.

● ● ●

கோஸ்ஃபீல்ட் ஸ்ட்ரீட், செப்டம்பர் 1971

அட்விஷன் ஸ்டூடியோ மத்திய லண்டனில் கோஸ்ஃபீல்ட் ஸ்ட்ரீட்டில் இருந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் வெல்ஸ் ஸ்ட்ரீட். கிங்ஸ்பரியில் ஸ்குவயர் பாடிய புனித ஆண்ட்ரூ தேவாலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கட்டப்பட்டது அந்த வெல்ஸ் ஸ்ட்ரீட்டில்தான். 1930களில் அதைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, கிங்ஸ்பரிக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். அவர் பாடக் கற்ற சுவர்கள் ஒரு காலத்தில் இந்தத் தெருக்களில் நின்றவை.

ஸ்டூடியோவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் எடி ஆஃபர்டு. யெஸ் குழுவின் நீண்ட பாட்டுகளைத் துண்டு துண்டாகப் பதிந்து, டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டிச் சேர்த்தவர். பேஸை ஒளித்து வைக்காமல் முன்னால் நிறுத்தும் துணிச்சல் அவருக்கு இருந்தது.

வேக்மனின் கீபோர்டுகளுக்குப் பணம் வேண்டும், ஆல்பம் சீக்கிரம் வெளிவந்தாக வேண்டும். அந்த அவசரத்தில் பிறந்தது 'ஃப்ராஜைல்'.

முதல் பாட்டு 'ரவுண்டபௌட்'. எழுதியவர்கள் ஆண்டர்சனும் ஹவ்வும். ஸ்காட்லாந்தில் அபர்தீனிலிருந்து கிளாஸ்கோவுக்குப் போன வேன் பயணத்தில், வழியெல்லாம் வந்த சாலை வட்டங்களும் மலைகளும் பாட்டாயின.

பியானோவின் ஒரு ஸ்வரத்தைப் பதிந்து டேப்பைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். அது எங்கிருந்தோ பெருகி வந்து, ஹவ்வின் அக்கூஸ்டிக் கிட்டாரில் முட்டி நிற்கிறது. கிட்டார் நிதானமாக, யோசித்து யோசித்துப் பேசுகிறது. முக்கால் நிமிடம் இப்படியே போகிறது.

பிறகு பேஸ் நுழைகிறது.

அந்த நுழைவை முதன்முறை கேட்பவர் பலருக்கு அது பேஸ் என்றே தெரிவதில்லை. அத்தனை பளபளப்பு, அத்தனை உறுமல். ஈ மைனரில் கீழிருந்து குதித்தேறி, மேலே ஒரு சுழி சுழித்து, நறுக்கென்று நின்று, மறுபடி கீழே விழுந்து எழுகிறது. நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். அந்த இடைவெளிகளில்தான் ப்ரூஃபோர்டின் ஸ்னேர் விழுகிறது. பாடகர் வாய் திறக்கும் முன்பே பாட்டின் மெட்டு நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்த மெட்டு பேஸின் மெட்டு.

எட்டரை நிமிடப் பாட்டைச் சுருக்கி அமெரிக்காவில் சிங்கிளாக வெளியிட்டார்கள். 1972இல் அது பில்போர்டு பட்டியலில் 13ஆம் இடம்வரை ஏறியது. வானொலிப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கரில் ஆழமான ஒலிகள் கேட்காது. அன்றைய பாட்டுகளில் பேஸ் அங்கே காணாமல் போய்விடும். ஸ்குவயரின் மேல்குரல் அந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் பிழைத்தது. வானொலியில் கேட்ட பையன்கள் பேஸ் வாசிக்க ஆசைப்பட்டார்கள். கனடாவின் ரஷ் குழுவைச் சேர்ந்த கெட்டி லீ அந்தத் தலைமுறைக்காரர். 2017இல் யெஸ் குழு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது ஸ்குவயர் உயிரோடு இல்லை. 'ரவுண்டபௌட்' பாட்டில் அவருடைய பேஸை வாசித்தவர் கெட்டி லீதான்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ்'. கிட்டாரும் பேஸும் சேர்ந்து வெறிபிடித்ததுபோல் ஓடித் திடீரென்று அறுந்து நிற்கின்றன. எஞ்சுவது பேஸும் டிரம்ஸும் மட்டும். பேஸ் ஒரே சின்னச் சொற்றொடரை அவசரமில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பின்னால் மெலோட்ரான் என்ற கீபோர்டு மெல்லக் கசிந்து பெருகுகிறது. பேஸ் மாறுவதில்லை; அதைச் சுற்றி எல்லாம் மாறுகிறது. பாடகர் வருவதற்கு மூன்றரை நிமிடமாகிறது. யெஸ்ஸின் பதிவுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது இந்தப் பகுதிதான். வேகத்துக்குப் பெயர்போன ஒருவர் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று காட்டுகிறார். அந்த அடக்கத்தில் பயிற்சி தெரிகிறது.

● ● ●

மீன்

ஆல்பத்தில் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு தனித் துண்டு. ப்ரூஃபோர்டின் யோசனை அது. ஸ்குவயர் தன் பங்குக்குச் செய்தது 'தி ஃபிஷ்'.

இரண்டரை நிமிடத்துக்குச் சற்றே மேல். டிரம்ஸையும் முடிவில் வரும் குரல்களையும் தவிர, கேட்கும் ஒவ்வொரு ஒலியும் பேஸ்.

ஏழு எண்ணிக்கைத் தாளம். முதலில் தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் மணியோசை. அதன்கீழ் தாளத்தைப் பிடிக்கும் ஒரு சொற்றொடர். அதன்மேல் உறுமும் பேஸ் ஒன்று. அதற்கும் மேலே வா-வா பெடல் வழியே வாய் திறந்து மூடுவதுபோல் ஒரு மெட்டு. ஒன்றைப் பதிந்து, அதைக் கேட்டபடி அடுத்ததை வாசித்து, அடுக்கடுக்காகக் கட்டினார். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று தேவாலயத்தில் நான்கு வரிசையாக நின்ற குரல்கள் இங்கே ஒரே ஆளின் கையிலிருந்து வருகின்றன.

முடிவில் பாட ஒரு பெயர் வேண்டியிருந்தது. எட்டு அசை கொண்ட மீன் பெயர் ஒன்று கண்டுபிடி என்று மேடை விளக்குப் பொறுப்பாளர் மைக்கேல் டெய்ட்டிடம் கேட்டார்கள். அவர் கின்னஸ் புத்தகத்தைப் புரட்டி எடுத்துக் கொடுத்தது 'ஷின்ட்லேரியா பிரிமாடுரஸ்'. உலகின் மிகச் சிறிய மீன்களில் ஒன்று. அதையே குரல்கள் மந்திரம்போல் திரும்பத் திரும்பப் பாடுகின்றன.

பேஸ் கிட்டாரின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். பேஸுக்கு ஒரு பாட்டில் சில விநாடிகள் இடம் கொடு என்று கேட்ட காலம் என்ட்விஸ்லோடு முடிந்தது. பாட்டு முழுவதும் பேஸாக இருக்கலாம் என்று ஸ்குவயர் செய்து காட்டினார்.  எழுபதுகளின் பிற்பகுதியில் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வேறொரு திசையிலிருந்து அங்கே வந்து சேர்வார்.

மேடையில் இந்த இரண்டரை நிமிடம் நீண்டு வளர்ந்தது. 1973இல் வெளியான 'யெஸ்சாங்ஸ்' நேரடிப் பதிவில் 'லாங் டிஸ்டன்ஸ் ரன்அரவுண்ட்' பாட்டோடு சேர்த்து அதைக் கேட்கலாம். டிரம்ஸும் பேஸும் ஒன்றையொன்று துரத்துகின்றன. அந்தப் பதிவில் டிரம்ஸ் ப்ரூஃபோர்டு. அதே ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளில் டிரம்ஸ் அவர் இல்லை.

ஏன்?

● ● ●

மூன்று நாள்

1972இன் கோடை. யெஸ் குழு 'குளோஸ் டு தி எட்ஜ்' பதிவை முடித்திருந்தது. தலைப்புப் பாட்டு மட்டும் ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடியது. குழு புகழின் ஏறுமுகத்தில் இருந்தது, அமெரிக்கப் பயணம் தயாராக இருந்தது.

அப்போது ப்ரூஃபோர்டு விலகினார். இந்தக் குழுவோடு தான் போகக்கூடிய தூரம் போயாயிற்று என்று அவருக்குத் தோன்றிவிட்டது. காத்திருந்து களைத்துப்போனவர், ராபர்ட் ஃப்ரிப்பின் கிங் கிரிம்சன் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஜூலை 30 அன்று டல்லஸில் நிகழ்ச்சி. புதிதாக வந்தவர் ஆலன் வைட். ஜான் லெனனின் பிளாஸ்டிக் ஓனோ பேண்டில் வாசித்தவர். 'இமேஜின்' பாட்டின் டிரம்ஸ் அவருடையது. தாளத்தை ஒளித்து வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நேராக, கனமாக, அடி விழ வேண்டிய இடத்தில் விழும். யெஸ்ஸின் சிக்கலான பாட்டுகளை அவர் கற்றுக்கொள்ளக் கிடைத்தது மூன்று நாள்.

நான்கு ஆண்டுகளாக ஸ்குவயரின் மேல்குரல் பாடிக்கொண்டிருந்தது ப்ரூஃபோர்டு விட்டுக்கொடுத்த இடைவெளிகளில். இனி அந்த இடைவெளிகளில் வைட்டின் டிரம்ஸ் முழங்கும். தளத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டால், தளத்தையும் பாட்டையும் ஒரே கையில் வைத்திருந்த மனிதர் எதை விடுவார், எதை வைத்துக்கொள்வார்?

(அடுத்த வாரம்: டல்லஸ்)